ஹெய்ட்டியில் அமெரிக்கா விட்டுப்போன படை

ஹெய்ட்டியில் ஆயுதக் கும்பல்கள் பற்றிச் செய்தி வந்தாலே, 'அவங்களுக்கு ஆளத் தெரியல' என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். சரி, ஆள விட்டார்களா?

1914 டிசம்பரில் அமெரிக்க மரைன் வீரர்கள் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சில் தேசிய வங்கிக்குள் போய் 5 லட்சம் டாலர் தங்கத்தை எடுத்து நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். அடுத்த ஜூலையில் அதிபரை ஒரு கூட்டம் அடித்துக் கொன்றதும், அமைதி காக்கிறோம் என்று வந்து இறங்கியவர்கள் கிளம்ப 19 வருஷம் ஆனது. சுங்க வசூல் அவர்கள் கையில். அவர்கள் நீட்டிய அரசியல் சட்டத்துக்கு நாடாளுமன்றம் தலையாட்டவில்லை, கலைத்துவிட்டார்கள். அடிமைகள் எழுந்து பிரான்சை விரட்டி உண்டாக்கிய நாடு அது. வெளிநாட்டவருக்கு நிலம் இல்லை என்பது அங்கே தொடக்கத்திலிருந்தே இருந்த விதி. 1918-ல் அதுவும் போனது.

'ரோடு போட்டார்களே' என்பார்கள். போட்டார்கள்தான், எப்படி என்றால், பழைய சட்டம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, விவசாயிகளைக் கயிற்றில் பிணைத்து இழுத்துவந்து கூலியில்லாமல் வேலை வாங்கி. அந்தக் கோபத்தில்தான் கிளர்ச்சித் தலைவர் சார்லமாஞ் பெரால்ட் பின்னால் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். 1919-ல் முகத்தில் கரி பூசி மாறுவேடத்தில் அவர் முகாமுக்குள் நுழைந்த மரைன்கள் அவரைச் சுட்டார்கள். உடலை ஒரு கதவில் கட்டி நிறுத்திப் படமெடுத்து ஊரெல்லாம் பரப்பினார்கள், ஜனங்கள் பயப்படட்டும் என்று. படத்தில் அவர் இடுப்பில் ஒரு துணி, சாய்ந்த தலை, பின்னால் கொடி. பார்த்தவர்களுக்குச் சிலுவையில் தொங்கும் இயேசுவாகத் தெரிந்தது. பயமுறுத்தப் போய் ஒரு தியாகியைச் செய்து கொடுத்துவிட்டார்கள்.

உள்ளூர் பணக்காரர்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை, இதில் நன்றாகச் சம்பாதித்தவர்கள் உண்டு. ஆனால் எனக்கு உறுத்துவது அமெரிக்கர்கள் கட்டிவிட்டுப்போன படை. எல்லையில் யாரோடும் சண்டை போடுவதற்காக உருவாக்கியது அல்ல அது, சொந்த ஜனங்களை அடக்கி வைக்கப் பழக்கியது. மரைன்கள் 1934-ல் கப்பலேறினார்கள், படை இருந்தது. 1946-லும் 1950-லும் அதிபர்களை வீட்டுக்கு அனுப்பியது அதே படைதான். அரசின் கணக்குப் புத்தகமோ, கடன் பாக்கியைக் காட்டி, 1947 வரை அமெரிக்கர்கள் பிடியிலேயே இருந்தது.