மேனேஜர் தெரிந்தவர்தான், புகார் எண் வாங்கினீங்களா?

நம்ம பக்கம் ஒரு பழக்கம் இருக்குங்க. கணக்கில் தெரியாத பேரில் பணம் போயிருந்தால் நேராகக் கிளைக்குப் போய், பழக்கமான மேனேஜரிடம் பாஸ்புக்கைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அவரும் "பார்க்கலாம், திங்கக்கிழமை வாங்க" என்பார். நல்ல மனுசராகவே இருக்கட்டும், வாயால் சொன்னதற்கு எங்கேயும் பதிவு கிடையாது. கார்டில் போன பணம் திரும்புமா என்பது புகார் என்றைக்கு, எந்த வகையில் பதிவானது என்பதைப் பொறுத்தது.

முதலில் அது உண்மையிலேயே தெரியாத செலவுதானா என்று பாருங்கள். ஸ்டேட்மென்டில் வருவது கடை போர்டில் இருக்கும் பெயராக இருக்கவேண்டியதில்லை. ஈரோட்டில் ஜவுளி எடுத்திருப்பீர்கள், ஓனர் குடும்பத்தின் வேறொரு டிரேடர்ஸ் பெயர் நிற்கும். ஆன்லைன் என்றால் ரேசர்பே, பேயு, பில்டெஸ்க் என்று நடுவில் பணம் வாங்கித் தருகிற கம்பெனியின் பெயரும், ஊர் என்று மும்பையோ குருகிராமோ வரலாம். கார்டு தேய்த்த தேதிக்கும் கணக்கில் ஏறிய தேதிக்கும் ஓரிரு நாள் வித்தியாசம் இருக்கும். அதனால் பெயரை விட்டுவிட்டுத் தொகையைப் பிடியுங்கள். காசு வரைக்கும் அப்படியே மெசேஜிலும் மெயிலிலும் போட்டுத் தேடினால் பெரும்பாலும் பில் கிடைத்துவிடும்.

சில தொகைகளைப் பார்த்ததும் அடையாளம் தெரியவேண்டும். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் போனால் அது மத்திய அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. 20 ரூபாய் என்றால் சுரக்‌ஷா விபத்துக் காப்பீடு. 27 ரூபாய் 14 காசு என்றால் இலவச எண்ணிக்கையைத் தாண்டி ஏடிஎம்மில் எடுத்ததற்கான கட்டணம்: 2025 மே 1 முதல் உச்சவரம்பு 23 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கேட்காமலே காப்பீட்டில் சேர்த்திருந்தால் மட்டும் கிளையில் எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள்.

ஆனால் ஊர் பேர் தெரியாத ஒரு பெயரில் 1 ரூபாயோ 2 ரூபாயோ போயிருந்தால் "இதுக்குப் போயா" என்று விடாதீர்கள். கார்டு வேலை செய்கிறதா என்று திருடன் சோதிப்பது இப்படித்தான். நீங்களோ வீட்டில் யாரோ எந்த ஆப்பிலும் கார்டு எண்ணைப் பதியவில்லை என்றால் உடனே கார்டை முடக்குங்கள்.

அடுத்தது வகை. நிறையப் பேர் தோற்பது இங்கேதான். நீங்கள் செய்யாத செலவு ஒன்று. நீங்களே செய்து, பொருள் வராதது, இரண்டு முறை கழித்தது, ரத்து செய்த பணம் திரும்பாதது இன்னொன்று. எப்போதோ ஒப்புக்கொண்ட மாதச் சந்தா மூன்றாவது. பொருள் வராத கோபத்தில் "இது நான் செய்யவில்லை" என்று பதிந்தால், உங்கள் ஓடிபி சரியாகப் போட்டிருக்கிறது என்று காட்டி வங்கி அந்தப் புகாரை மூடிவிடும். இரண்டாவது வகைக்குக் கேட்கவேண்டியது சார்ஜ்பேக், அதாவது விற்றவரிடம் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்ப வாங்குவது. ஆர்டர் நகல், விற்றவருக்கு நீங்கள் அனுப்பிய மெயில், அவர் பதில் மூன்றும் வேண்டும். போனில் சண்டை போட்டது சாட்சியாகாது. விசா, மாஸ்டர்கார்டில் பொதுவாக 120 நாள் கெடு. விற்றவர் "அடுத்த வாரம்" என்று இழுப்பது அந்தக் கெடுவைத் தின்னத்தான்.

திருப்பூரில் டிசைன் சாப்ட்வேருக்கும் விளம்பரத்துக்கும் டாலரில் சந்தா கட்டுகிற யூனிட்டுகள் ஏராளம். வெளிநாட்டுத் தளம் பலதும் ஓடிபி கேட்காது, அன்னியச் செலாவணிக் கட்டணமும் சேர்வதால் மாதாமாதம் தொகை மாறும். கார்டை மாற்றினால் மட்டும் ஒப்பந்தம் ரத்தாகாது. அந்தத் தளத்திலேயே சந்தாவை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, பிறகு வங்கி ஆப்பில் இருக்கும் தானியங்கி ஒப்புதலையும் நீக்குங்கள்.

நீங்கள் செய்யவே இல்லை என்றால் ஆப்பில் கார்டை முடக்கி, கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணையும் நேரத்தையும் குறியுங்கள். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், அங்கே போலி எண்கள் காத்துக் கிடக்கின்றன. கையோடு அரசின் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் கூப்பிடுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று சுற்றறிக்கையாகக் கொண்டுவந்த விதியை எல்லாரும் தெரிந்துவைத்திருக்கவேண்டும். உங்கள் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை என்கிற மோசடியை 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நட்டம் பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாளுக்குள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கும், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கும் அதிகபட்சம் 10,000 ரூபாய் உங்கள் தலையில். அதைவிடப் பெரிய லிமிட் கார்டுக்கு 25,000. அதற்கும் மேல் தாமதமானால் அந்தந்த வங்கியின் கொள்கைதான். மெசேஜ் வந்த நாள் கணக்கில் சேராது, உங்கள் கிளையின் விடுமுறையும் சேராது. வெள்ளிக்கிழமை மெசேஜ் வந்து மறுநாள் இரண்டாம் சனி என்றால் திங்கள், செவ்வாய், புதன்தான் அந்த மூன்று நாள்.

புகார் சொன்ன 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்கவேண்டும், 90 நாளுக்குள் முடிவும் சொல்லவேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்கு. இந்த வரியைப் புகாரிலேயே எழுதுங்கள். ஓடிபியைச் சொல்லிவிட்டோமே என்று வெட்கப்பட்டு வீட்டில் மறைக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: தகவல் கொடுக்கும்வரை போனதுதான் அவர்கள் நட்டம், அதன்பிறகு போவது வங்கியின் நட்டம். அதனால் ஒவ்வொரு நிமிடமும் காசு.

கிரெடிட் கார்டில் மோசடி என்று புகார் செய்த தொகைக்கு, தீரும்வரை வட்டியோ அபராதமோ போடக்கூடாது. அதற்காக மொத்த பில்லையும் கட்டாமல் விடாதீர்கள், மீதிக்கு வட்டி ஓடும்.

சனிக்கிழமை பொழுதோடு வாரச் சம்பளம் எடுக்க ஏடிஎம்மில் நிற்கிறீர்கள், பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் அது இன்னொரு விதி. 5 நாளுக்குள் தானாகத் திரும்பவேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தரவேண்டும். மெஷின் யாருடையதானாலும் உங்கள் வங்கியிடம்தான் கேட்கவேண்டும்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், விவரத்துக்கு 14448. அங்கே முதலில் கேட்பது வங்கியில் புகார் கொடுத்ததற்கான ஆதாரத்தைத்தான்.

இன்னொன்று. பெங்களூரில் இருக்கிற மகனின் பழைய எண்ணோ, ரீசார்ஜ் செய்யாமல் போன எண்ணோ அப்பா கணக்கில் கிடந்தால் மெசேஜே அவர் கண்ணில் படாது. இந்த வாரமே கிளைக்குப் போய் அவர் கையில் இருக்கும் எண்ணை மாற்றிக் கொடுங்கள். வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன், தட்டிக் கட்டும் வசதி மூன்றும் அவருக்குத் தேவையில்லை என்றால் அன்றைக்கே அணைத்துவிடுங்கள்.