புளூட்டோவை நீக்கியது சரி, நீக்கிய விதம்தான் சரியில்லை

ஆகஸ்ட் 24 நெருங்கினால் போதும், முகநூலில் புளூட்டோவுக்குக் கண்ணீர் அஞ்சலி ஆரம்பமாகிவிடும். “அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, அதைப் போய் ஏன் தூக்கினீர்கள்?” என்று ஒரு கூட்டம். “இன்றைக்கு ஒன்று சொல்வார்கள், நாளைக்கு மாற்றிச் சொல்வார்கள், இதுதான் உங்கள் விஞ்ஞானம்” என்று இன்னொரு கூட்டம். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்தது சரியான முடிவு. ஆனால் அதற்காக எழுதிய வரையறை இருக்கிறதே, அது அவசரத்தில் தைத்த சட்டை. அளவும் சரியில்லை, பொத்தானும் மாறிப்போயிருக்கிறது.

2006 ஆகஸ்டில் பிராக் நகரில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பொதுக்குழு கூடியபோது முதலில் வைத்த வரைவு நேர்மாறானது. சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சீரிஸ், புளூட்டோவின் துணையான சாரன், நெப்டியூனுக்கு அப்பால் அப்போதுதான் கண்டுபிடித்திருந்த ஈரிஸ் மூன்றும் உள்ளே வந்து கோள்கள் 12 ஆகியிருக்கும். கூட்டத்தில் எதிர்ப்பு கிளம்பி, ஒரு வாரத்துக்கும் சற்று மேலான நாட்களில் வரைவு தலைகீழாக மாறியது. வாக்கெடுப்பு நடந்தது கடைசி நாளான ஆகஸ்ட் 24-இல். வந்தவர்களில் பலர் அதற்குள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள் உள்ள அமைப்பில் வாக்களித்தவர்கள் 424 பேர், அதுவும் மஞ்சள் அட்டையைக் கையில் தூக்கிக் காட்டி.

அன்றைக்கு நடந்த ஒரு விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பல்சர்கள் எனும் துடிக்கும் விண்மீன்களைக் கண்டுபிடித்த ஜோஸ்லின் பெல் பர்னல் மேடைக்கு ஒரு குடையும் பலூனும் டிஸ்னியின் புளூட்டோ நாய் பொம்மையும் கொண்டுவந்தார். குடைதான் ‘கோள்’ என்ற பொதுப்பெயர். பலூன் பெரிய எட்டுக் கோள்களுக்கு, நாய் பொம்மை புளூட்டோ போன்ற குறுங்கோள்களுக்கு. இரண்டையும் ஒரே குடைக்குள் வைக்கலாமா என்பதுதான் ஒரு தீர்மானத்தின் கேள்வி. வேண்டாம் என்று பெரும்பான்மை அட்டைகள் எழுந்தன. அந்தத் தீர்மானம் மட்டும் நிறைவேறியிருந்தால் புளூட்டோ இன்றைக்கும் ஒரு வகைக் கோளாகவே இருந்திருக்கும், இந்த அழுகையும் இருந்திருக்காது.

நிறைவேறியது இது: சூரியனைச் சுற்ற வேண்டும், ஏறத்தாழ உருண்டையாக இருக்க வேண்டும், தன் சுற்றுப்பாதையின் அக்கம்பக்கத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும், அதாவது அந்தப் பாதையில் அதன் ஆதிக்கமே இருக்க வேண்டும். முதல் இரண்டில் மட்டும் தேறினால் குறுங்கோள். குறுங்கோள் கோள் அல்ல.

ஒரு கோளைப் பட்டியலிலிருந்து எடுப்பது அதுதான் முதல் முறை என்று நினைத்துவிடாதீர்கள். 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலேர்மோவில் ஜூசெப்பே பியாட்சி என்ற பாதிரியார் நட்சத்திரப் பட்டியல் வேலையில் இருந்தபோது ஒரு சின்னப் புள்ளியைக் குறித்துக்கொண்டார். அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தால் அது இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. பிப்ரவரியில் அவர் உடல்நலம் கெட்டது, புள்ளியும் சூரியன் பக்கமாகப் போய் மறைந்துவிட்டது. 24 வயது ஜெர்மன் கணித மேதை காஸ், கையில் இருந்த கொஞ்சநஞ்ச அளவீடுகளை வைத்துப் பாதையைக் கணக்கிட்டுக் கொடுத்தார். அதே ஆண்டின் கடைசி இரவில் அது திரும்பக் கிடைத்தது. அதுதான் சீரிஸ். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று காத்திருந்தவர்கள் அதை உடனே கோளாக ஏற்றுக்கொண்டார்கள். 1802-இல் பல்லாஸ், 1804-இல் ஜூனோ, 1807-இல் வெஸ்டா என்று மேலும் மூன்று வந்தன. எல்லாமே கோள்கள்தான், ஆளுக்கொரு குறியீட்டோடு. இவை வேறு இனம் என்று யுரேனஸைக் கண்டுபிடித்த ஹெர்ஷல் 1802-லேயே சொன்னார், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1845-க்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் புதியவை வரத் தொடங்கின. பட்டியல் தாங்கவில்லை. 1850-களில் சத்தமில்லாமல் அத்தனையையும் சிறுகோள்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். வாக்கெடுப்பு இல்லை, அட்டை இல்லை. சீரிஸ் அரை நூற்றாண்டு கோளாக இருந்தது. அதற்காக இன்றைக்கு யாராவது அழுகிறார்களா?

புளூட்டோவின் கதையும் அச்சு அசல் இதேதான், நூறு ஆண்டுக்கு மேல் தள்ளி. 1930 பிப்ரவரி 18 அன்று அரிசோனாவின் லோவெல் ஆய்வகத்தில் கிளைடு டாம்பா கண்டுபிடித்தபோது, யுரேனஸை அலைக்கழிக்கும் பெரிய கோள் அதுதான் என்று நம்பினார்கள். பூமி அளவு நிறை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். பிறகு அளக்க அளக்க அது சுருங்கிக்கொண்டே வந்தது. 1978-இல் சாரன் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் நிறையைச் சரியாகக் கணிக்க முடிந்தது: பூமியில் 450-இல் ஒரு பங்கு கூட இல்லை. இந்த வேகத்தில் சுருங்கினால் 1984-இல் புளூட்டோ காணாமலே போய்விடும் என்று 1980-இல் இரண்டு ஆய்வாளர்கள் வரைபடம் போட்டுக் கிண்டலாக ஒரு குறிப்பு எழுதினார்கள். (அறிவியல் இதழ்களில் இப்படி நகைச்சுவை வருவது அபூர்வம், ரசித்துக்கொள்ள வேண்டியதுதான்.)

அப்புறம் 1992-இல் டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் நெப்டியூனுக்கு அப்பால் இன்னொரு பொருளைக் கண்டார்கள். அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கில் வந்தன. கைப்பர் பட்டை என்று ஒரு முழுக் கூட்டமே அங்கே இருப்பது தெரிந்தது. 2005-இல் மைக் பிரவுன் குழு ஈரிஸை அறிவித்தது. விட்டத்தில் புளூட்டோவைவிடத் துளி சிறியது, நிறையில் கால் பங்குக்கு மேல் கூடுதல். இனி ஈரிஸையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் புளூட்டோவையும் எடுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

“சரி, இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதானே?” என்பார்கள். இங்கேதான் நான் துப்புரவு நிபந்தனையின் பக்கம் நிற்கிறேன். வானியலாளர் ஸ்டீவன் சோட்டர் 2006-இல் ஒரு எளிய கணக்குப் போட்டார். ஒரு பொருளின் நிறையை, அதன் பாதையைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற எல்லாவற்றின் மொத்த நிறையால் வகுத்துப் பாருங்கள். பூமிக்குக் கிடைப்பது சுமார் 17 லட்சம். இந்தக் கணக்கில் எட்டில் கடைசியாக வரும் செவ்வாய்க்கே 5,000-க்கு மேல். சீரிஸுக்கு? 0.33. புளூட்டோவுக்கு 0.1 கூட இல்லை. ஐந்தாயிரத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை, வெட்டவெளி! இந்தக் கோட்டை யாரும் பிராக்கில் உட்கார்ந்து போடவில்லை. இயற்கையிலேயே இருந்தது. உருண்டை என்ற அளவுகோலில் இப்படி ஓர் இடைவெளி கிடைக்காது. உருளைக்கிழங்கு வடிவத்திலிருந்து உருண்டை வரை எல்லாப் படியிலும் ஏதாவது ஒன்று நிற்கும்.

துப்புரவு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, “அப்படியானால் நெப்டியூன் பாதையில் புளூட்டோ குறுக்கே வருகிறதே, நெப்டியூனும் கோள் இல்லையா?” என்று மடக்குகிறவர்கள் உண்டு. புளூட்டோவின் பாதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் பதில் அதிலேயே இருக்கிறது. 1979-இலிருந்து 1999 வரை புளூட்டோ நெப்டியூனைவிடச் சூரியனுக்குக் கிட்டத்தில் இருந்தது உண்மை. ஆனால் இரண்டும் மோதாது, நெருங்கக்கூட நெருங்காது. நெப்டியூன் மூன்று சுற்று முடிக்கும் நேரத்தில் புளூட்டோ சரியாக இரண்டு சுற்று முடிக்கும். புளூட்டோ உள்ளே வரும் ஒவ்வொரு முறையும் நெப்டியூன் வேறு பக்கத்தில் இருக்கும். சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், புளூட்டோ நெப்டியூனை நெருங்குவதைவிட யுரேனஸைத்தான் அதிகமாக நெருங்குகிறது. இந்தத் தாளத்தைப் போட்டது நெப்டியூன், ஆடுவது புளூட்டோ. அதே தாளத்தில் ஆடும் பொருள்கள் அங்கே இன்னும் ஏராளம். வியாழனின் பாதையில் ஆயிரக்கணக்கில் கிடக்கும் ட்ரோஜன் சிறுகோள்களும் இப்படித்தான். வியாழன் பிடித்து வைத்த இடத்தில் அவை இருக்கின்றன.

கொஞ்சம் வலுவான எதிர்வாதம் ஆலன் ஸ்டெர்னுடையது. நியூ ஹொரைசன்ஸ் விண்கலத் திட்டத்தின் தலைமை விஞ்ஞானி. 2006 ஜனவரியில், புளூட்டோ கோளாக இருக்கும்போது கலத்தை அனுப்பினார், போய்ச் சேர்ந்த 2015 ஜூலையில் அது குறுங்கோள். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதை வைத்தா அது என்ன என்று முடிவு செய்வது? பூமியைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் அதுவும் தேறாதே என்பது அவர் வாதம். ஆனால் வானியலாளர் ஜான்-லுக் மார்கோ 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி பூமி அங்கேயும் தேறிவிடும். தடுமாறுவது புதன்தான். இதில் இன்னொரு வேடிக்கை, பாதையில் ஆதிக்கம் செலுத்துபவை, செலுத்தாதவை என்று எண்ணில் பிரித்துக் காட்டிய முதல் ஆய்வுகளில் ஒன்றை எழுதியதே ஸ்டெர்னும் ஹால் லெவிசனும்தான். இரண்டையுமே கோள் என்றுதான் அவர்கள் அழைத்தார்கள், அது வேறு விஷயம்.

நியூ ஹொரைசன்ஸ் அனுப்பிய படங்களைப் பார்த்தவர்கள் யாரும் புளூட்டோவை அற்பமாகப் பேச மாட்டார்கள். நைட்ரஜன் பனிச் சமவெளி, அதன் ஓரத்தில் நீர்ப்பனியால் ஆன மலைகள், மேலே நீல நிற மூட்டம். அந்த மலைத்தொடர்களில் ஒன்றுக்கு டென்சிங் பெயர். நிலவியல் பார்க்கிறவர்கள் தங்களுக்குள் புளூட்டோவைக் கோள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மீத்தேன் மழை பெய்யும் சனியின் நிலா டைட்டனையும் கோள் என்றே எழுதுகிறவர்கள் அவர்கள். கலிலியோவே 1610-இல் வியாழனின் நிலாக்களைக் கோள்கள் என்றுதான் எழுதினார். ஆனால் அந்த வழியில் போனால் சூரியக் குடும்பத்தில் மட்டும் நூற்றுக்கு மேல் கோள்கள் வரும். வரட்டும், எண்ணிக்கை கூடுவது எனக்குப் பிரச்சினையில்லை. சூரியக் குடும்பம் எப்படி அமைந்தது, யார் யாரை இழுக்கிறார்கள் என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது என்பதுதான் பிரச்சினை.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். 2006 வரையறையில் ‘சூரியனைச் சுற்ற வேண்டும்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது நம் சூரியனை மட்டும். 1995-இல் 51 பெகாசி நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை மேயரும் கேலோவும் கண்டுபிடித்து 11 ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. இன்றைக்குப் பிற நட்சத்திரங்களைச் சுற்றுபவை 6,000-க்கு மேல் உறுதியாகிவிட்டன. அவற்றில் ஒன்றுகூட இந்த வரையறைப்படி கோள் இல்லை! துப்புரவாக்கியது என்றால் எவ்வளவு என்று எண்ணே இல்லை. சோட்டரின் கணக்கு கையில் இருந்தும் போடவில்லை. உருண்டை நிபந்தனை தேவையே இல்லை, பாதையை ஆளும் அளவு நிறை இருந்தால் தானாகவே உருண்டையாகிவிடும். அப்புறம் ‘குறுங்கோள் கோள் அல்ல’ என்ற வரி. குறு விண்மீனை விண்மீன் என்று ஏற்கிற துறை இதை எப்படி எழுதியதோ!

2024-இல் மார்கோ, பிரெட் கிளாட்மன், டோனி யாங் மூவரும் இதைத் திருத்த ஒரு யோசனை வைத்தார்கள். ஏதாவது ஒரு நட்சத்திரத்தையோ அதன் எச்சத்தையோ சுற்ற வேண்டும், நிறை 10-இன் 23-ஆம் அடுக்கு கிலோவுக்கு மேல், வியாழனைப் போல் 13 மடங்குக்குக் கீழ். புதன் தாராளமாக உள்ளே வந்துவிடும். புளூட்டோவுக்கு இன்னும் ஏழெட்டு மடங்கு நிறை வேண்டும். மஞ்சள் அட்டை தேவையில்லை, தராசு போதும். நான் இதற்குத்தான் ஓட்டுப் போடுவேன், என்னை யாரும் கேட்கவில்லை என்றாலும். அதே 2024-இல் அரிசோனா மாநிலம் புளூட்டோவைத் தன் அதிகாரபூர்வ மாநிலக் கோளாகச் சட்டம் போட்டு அறிவித்தது. அங்கே கண்டுபிடித்த பெருமை அவர்களுக்கு, அனுபவிக்கட்டும்.

பி.கு: “நம் முன்னோர் அன்றே ஒன்பது என்றார்கள், புளூட்டோவை எடுத்தது நவக்கிரகத்துக்கு விரோதம்” என்று போன பதிவில் ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, நவக்கிரகத்தில் புளூட்டோ கிடையாது. யுரேனஸும் நெப்டியூனும் கிடையாது, பூமியும் கிடையாது. சூரியனும் சந்திரனும் உண்டு. ராகுவும் கேதுவும் நிலாவின் பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். பிராக்கில் என்ன முடிவெடுத்தாலும் எந்தக் கோயிலிலும் ஒரு சிலையைக்கூட நகர்த்த வேண்டியதில்லை.