செம்பரம்பாக்கம் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

ஐப்பசி, கார்த்திகையில் செம்பரம்பாக்கம் நிரம்புகிறது என்று செய்தி வந்தால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் பழைய சண்டை மறுபடி ஆரம்பித்துவிடும். 2015 டிசம்பர் 1 அன்று ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டது சரியா, தவறா? சில நாட்கள் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருந்தால் அடையாற்றங்கரை தப்பியிருக்குமா? ஒரு கட்சிக்காரர் ஒன்று சொல்வார், அடுத்த கட்சிக்காரர் நேர் எதிராகச் சொல்வார். இத்தனை வருடங்களாகியும் வாக்குவாதம் ஓயவில்லை.

ஆனால் இது கட்சி சம்பந்தப்பட்ட கேள்வியே அல்ல. ஏரியின் முழு மட்டம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. உள்ளே மணிக்கு மணி எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு வெளியேறியது, ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கமிருந்து அடையாற்றுக்கு ஏற்கெனவே எவ்வளவு வெள்ளம் வந்துகொண்டிருந்தது, இவ்வளவுதான் தெரிய வேண்டும். கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய விஷயம். கணக்குப் போட்டவர்களும் இருக்கிறார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நீராய்வு மையம், ஐஐடி பேராசிரியர்களோடு சேர்ந்து 2016இலேயே ஒரு அறிக்கை தந்தது. நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்போம்? சைதாப்பேட்டையிலோ ஜாபர்கான்பேட்டையிலோ வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீரைப் பார்த்தவர் கைக்கு அது தமிழில் போய்ச் சேரவில்லை.

இப்படிச் சேர்ப்பதற்கென்றே ஓர் அமைப்பு இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். நம் நாட்டில் அப்படி ஓர் அமைப்பு பெயரளவில் இல்லாமலும் இல்லை. இந்திய தேசியப் பொறியியல் அகாதமி 1987இல் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் ஜெய் கிருஷ்ணா, ரூர்க்கியில் நிலநடுக்கப் பொறியியலை வளர்த்தெடுத்த பெரிய மனிதர். நாட்டின் தலைசிறந்த பொறியாளர்களைத் தேர்ந்தெடுத்து உறுப்பினர் ஆக்குகிறார்கள். விருதுகள் தருகிறார்கள், மாநாடுகள் கூட்டுகிறார்கள், ஆய்வறிக்கைகளும் போடுகிறார்கள். எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் தெருவுக்கு நாலு பொறியாளர்கள் இருக்கிற தமிழ்நாட்டில் அகாதமி என்றால் சாகித்ய அகாதமிதான் நினைவுக்கு வருகிறது. பொறியியலுக்கும் ஒன்று இருப்பது பொறியியல் படித்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது. எனக்கு இது உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

ஓர் அகாதமி என்ன செய்யலாம் என்பதற்கு, சென்னை மூழ்கிய அதே வாரத்தில் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2015 டிசம்பர் 5, சனிக்கிழமை இரவு. டெஸ்மண்ட் புயலில் லூன் ஆறு பெருகி, லான்காஸ்டர் நகரத்துக்கே மின்சாரம் தரும் துணைமின்நிலையத்துக்குள் வெள்ளம் வந்துவிட்டது. இரவு பதினொரு மணி நெருங்கும்போது மின்சாரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. சுமார் 61,000 வீடுகளும் கடைகளும் இருட்டில் மூழ்கின. அங்கே ராயல் பொறியியல் அகாதமி உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, அந்த நாட்களில் நகரம் எப்படி இருந்தது என்று விசாரித்து, 2016 மே மாதம் சின்ன அறிக்கையாக வெளியிட்டது. மின்சாரம் போனால் விளக்கு எரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு அடுத்து வரிசையாக எவையெல்லாம் நின்றன என்பதை அவர்கள் ஒவ்வொன்றாக எழுதினார்கள். செல்போன் கோபுரங்கள் அடங்கின. வீட்டுத் தொலைபேசி இருந்தவர்களிலும் கம்பியில்லாத கார்ட்லெஸ் போன் வைத்திருந்தவர்களுக்கு வேலை செய்யவில்லை, சுவரில் நேராகச் சொருகும் பழைய மாடல் வைத்திருந்தவர்களால் பேச முடிந்தது. ஏடிஎம் இல்லை, கார்டில் பணம் வாங்க முடியாது, பில் போடும் இயந்திரம் ஓடாததால் கடைக்காரரால் சரக்கு இருந்தும் விற்க முடியவில்லை. இன்டர்நெட் போனதால் ‘விவரங்களுக்கு எங்கள் இணையதளத்தைப் பாருங்கள்’ என்ற அறிவிப்பால் யாருக்கும் பயனில்லை. பேட்டரி ரேடியோவும் கார் ரேடியோவும்தான் கைகொடுத்தன.

இதை எந்தப் பள்ளி ஆசிரியரும் படித்துப் புரிந்துகொள்ளலாம். யார்மேலும் பழி போடவில்லை. ஒரு நகரம் எதை நம்பி நிற்கிறது, அது போனால் அடுத்து எது போகும் என்று மட்டும் சொன்னார்கள்.

அதே நாட்களில் நமக்கும் இதெல்லாம்தானே நடந்தது? செல்போன் செத்தது, ஏடிஎம் முடங்கியது, ஜெனரேட்டர் இருந்த அறைக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. நமக்குக் கடைசியில் அதிகாரபூர்வமாகக் கிடைத்தது கணக்குத் தணிக்கை அறிக்கை, அதுவும் 2018இல். மனிதர்களால் ஏற்பட்ட பேரிடர் என்று அது சொன்னது. தணிக்கைத் துறை அதன் வேலையைச் செய்தது, மறுக்கவில்லை. ஆனால் தணிக்கையும் நீதிமன்றமும் விசாரணைக் கமிஷனும் கேட்பது ‘யார் தப்பு’ என்று. அந்தக் கேள்வி வந்ததும் அதிகாரி கோப்பை மூடிவிடுவார், பொறியாளர் வாயைத் திறக்கமாட்டார். ‘எப்படி நடந்தது, அடுத்த முறை என்ன செய்வது’ என்று கேட்க, தண்டிக்கும் அதிகாரம் எதுவும் இல்லாத ஒருவர் வேண்டும். அகாதமிக்கு அதிகாரமே இல்லையே என்று குறை சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான். அதிகாரம் இல்லாததால்தான் அதனிடம் மனம்விட்டுப் பேசுவார்கள்.

சரி, அரசு நிதியில் நடக்கும் அமைப்பு அரசைப் பற்றி எழுதுமா என்று கேட்பீர்கள். நியாயமான சந்தேகம். லான்காஸ்டர் அறிக்கை எழுதிய அகாதமியும் அரசு நிதி வாங்குவதுதான். அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா சூறாவளியில் நியூ ஆர்லியன்ஸின் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்தன. அவற்றைக் கட்டிய ராணுவப் பொறியாளர் படையே என்ன நடந்தது என்று ஆராய்ந்தது. தன் வேலையைத் தானே திருத்தினால் ஊர் நம்புமா? அதனால் அந்நாட்டின் தேசியப் பொறியியல் அகாதமியும் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலும் அமைத்த குழு அந்த ஆய்வைச் சரிபார்த்துத் தன் கருத்தை வெளிப்படையாக வெளியிட்டது. ஆராய்ச்சி செய்யச் சொன்னதும் அரசு, சரிபார்க்கச் சொன்னதும் அரசு. நிதி எங்கிருந்து வருகிறது என்பதைவிட, அறிக்கை யார் கையும் படாமல் அப்படியே வெளியே வருகிறதா என்பதுதான் முக்கியம்.

முல்லைப் பெரியாற்றை நினைத்தால் இந்தக் குறை இன்னும் உறைக்கிறது. 1895இல் முடிந்த அணை. 1979க்குப் பிறகு மேலே கான்கிரீட் தொப்பி போட்டு, உச்சியிலிருந்து அடிப்பாறை வரை துளைத்து எஃகுக் கம்பிவடம் இறக்கி இழுத்துக் கட்டி, பின்புறம் கான்கிரீட் முட்டும் கொடுத்தார்கள். 2012இல் நீதிபதி ஆனந்த் குழு அணை பாதுகாப்பானது என்றது, 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. சட்டப்படி விஷயம் தெளிவு. ஆனாலும் வண்டிப்பெரியாற்றில் இருக்கும் அம்மாவுக்கு மழை வந்தால் பயம் போகவில்லை, கம்பம் விவசாயிக்குத் தண்ணீர் குறையுமோ என்ற கவலை தீரவில்லை. கம்பிவடம் என்ன வேலை செய்கிறது என்று படம் போட்டு, மலையாளத்திலும் தமிழிலும் ஒரே வாசகமாக, இரு மாநிலச் சம்பளமும் வாங்காத பொறியாளர்கள் எழுதித் தந்திருந்தால் யூடியூப் வதந்திகளுக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்காது.

அகாதமியிடம் நான் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றுமில்லை. பாலம் விழுந்தாலும் ஊர் மூழ்கினாலும் அரசு கேட்கும்வரை காத்திருக்காமல் ஆறு மாதத்துக்குள் ஓர் அறிக்கை. முதல் பக்கத்திலேயே, எழுதியவர்களில் யாருக்கு அந்தத் துறையோடோ ஒப்பந்தக்காரரோடோ தொடர்பு என்ற விவரம். பாதிக்கப்பட்ட மக்களின் மொழியில் இருபது பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மறுபடி மூழ்கியதே, முதல் அறிக்கையை அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். பள்ளிக்கரணையில் தண்ணீர் ஏன் வடியவில்லை, புதிதாகக் கட்டிய மழைநீர் வடிகால்கள் எவ்வளவு மழைக்குக் கணக்குப் போட்டுக் கட்டப்பட்டவை, அதற்கு மேல் பெய்தால் தண்ணீர் எந்தத் தெருவுக்குள் போகும். இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால் போதும்.