தலைக்கணக்கில் சிக்காத ஆள்பிடிப்பு

அமெரிக்க ஹைஸ்கூல் ஃபுட்பால் சீசன் (நம் ஊர் கால்பந்து இல்லை, கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற முட்டைப் பந்து) வருடா வருடம் ஒரே சண்டையில்தான் முடிகிறது. பிரைவேட் ஸ்கூல்காரன் ஊர் ஊராக ஆள் பிடித்து ஜெயிக்கிறான், தன் பகுதி எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகளை மட்டும் வைத்து ஆடும் பப்ளிக் ஸ்கூல் தோற்கிறது. புகாரில் நியாயம் இருக்கிறது. அதற்கு, பெரும்பாலும் மாணவர் தலையை எண்ணிப் பள்ளிகளைப் பிரிவு பிரிக்கும் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் போடும் கணக்கில்தான் எனக்கு உடன்பாடில்லை.

கலிஃபோர்னியாவின் உச்சப் பிரிவான ஓப்பன் டிவிஷனைப் பாருங்கள். 2016 முதல் 2024 வரை, போட்டியே நடக்காத 2020 தவிர, பட்டம் மேட்டர் டே அல்லது செயின்ட் ஜான் போஸ்கோ என்ற இரண்டு கத்தோலிக்கப் பள்ளிகளைத் தாண்டிப் போகவில்லை. பென்சில்வேனியாவின் பெரிய பிரிவான 6ஏ-யில் 2018 முதல் 2024 வரை ஏழு சீசன். ஆறு பட்டம் ஃபிலடெல்ஃபியாவின் கத்தோலிக்கப் பள்ளியான செயின்ட் ஜோசஃப்ஸ் ப்ரெப் கையில். விட்டுப்போன 2021-லும் ஃபைனல் வரை வந்துதான் மவுன்ட் லெபனானிடம் தோற்றார்கள்.

இந்த ஆட்டத்தில் ஆள் சேர்ப்பு ஏன் இவ்வளவு வேலை செய்கிறது? களத்தில் 11 பேர். தாக்க ஒரு அணி, தடுக்க ஒரு அணி என்று பார்த்தால் 22 பேர் வேண்டும். சின்ன ஊர்ப் பள்ளியில் 22 நல்ல ஆள் கிடையாது, அதனால் அதே பையன் இரண்டு பக்கமும் ஆடுவான். 12 நிமிடக் குவார்ட்டர் நான்கு. மூன்றாவது குவார்ட்டர் முடியும்போது அவன் கால் தள்ளாடும். எதிரணியில் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி ஆள், போதாததற்கு பெஞ்சில் புத்துணர்ச்சியோடு இரண்டு 130 கிலோ லைன்மேன் (முன்வரிசையில் முட்டி மோதுகிறவன்). பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் யார் என்று எல்லோரும் பார்ப்பார்கள். ஆட்டம் கைமாறுவது லைனில்தான். முன்வரிசைக்கு மூன்று தடியன்கள் வெளியிலிருந்து வந்துவிட்டால் அந்தப் பிரிவில் மற்றவர்கள் கதை முடிந்தது.

இனி சங்கங்களின் வைத்தியம். இல்லினாய் 2005-ல் எல்லை இல்லாத பள்ளிகளுக்கு 1.65 என்று ஒரு பெருக்கல் எண் வைத்தது. 600 பிள்ளைகள் இருந்தால் 990 என்று எழுதி மேல் பிரிவுக்குத் தள்ளுவார்கள். என்ன ஆயிற்று? 2022, 2023, 2024 மூன்று வருடமும் மேலே உள்ள இரண்டு பிரிவுகளில் 7ஏ பட்டம் மவுன்ட் கார்மலுக்கு, 8ஏ லயோலா அகாடமிக்கு. இரண்டுமே கத்தோலிக்கப் பள்ளிகள். ஆள் பிடிக்கத் தெரிந்தவனை மேலே ஏற்றினால் மேலேயும் ஜெயிப்பான். கண்ணை மூடிக்கொண்டு பெருக்கினால் நசுங்குவது யாரையும் பிடிக்க வசதியில்லாமல் முப்பது பையன்களோடு திண்டாடும் சின்ன பிரைவேட் பள்ளிதான்.

பென்சில்வேனியாவின் சங்கமான பி.ஐ.ஏ.ஏ. இதைவிட மோசமாக மாட்டிக்கொண்டது. ப்ளேஆஃபில் (சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் நாக்அவுட் சுற்று) எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்குப் புள்ளி, அதோடு வேறு பள்ளியிலிருந்து மாறி வந்த ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை. இரண்டும் வரம்பைத் தாண்டினால் ஒரு பிரிவு மேலே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செயின்ட் ஜோசஃப்ஸ் ப்ரெப் ஏற்கெனவே 6ஏ. அதற்கு மேலே பிரிவே இல்லை! சூத்திரம் போய் விழுந்தது அலிக்விப்பா மேல். இரும்பு ஆலை மூடிப் போன சின்ன ஊர், பப்ளிக் ஸ்கூல், மைக் டிட்கா, டை லா, டாரெல் ரீவிஸ் என்ற பெரிய ஃபுட்பால் நட்சத்திரங்கள் எல்லாம் படித்த இடம். தலைக்கணக்குப்படி ஆகச் சிறிய பிரிவான 1ஏ-யில் ஆட வேண்டியவர்களை 4ஏ-க்கு ஏற்றினார்கள், 2024-ல் 5ஏ-க்கு ஏற்றப் பார்த்தார்கள். பள்ளி கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. ஏழை ஊரில் வாடகை கட்ட முடியாமல் குடும்பம் வீடு மாறும், பையன் பாட்டி வீட்டுக்குப் போவான், ஸ்கூலும் மாறும். காகிதத்தில் அவனும் ‘டிரான்ஸ்ஃபர்’தான்.

பணம் உள்ள பள்ளி பிடிக்கிற பையன் இந்தக் கணக்கில் பெரும்பாலும் வரமாட்டான். அவர்கள் வலை போடுவது ஏழாவது, எட்டாவது படிக்கும்போது. ஊர்ச் சிறுவர் அணியின் கோச் காதில் ஒரு வார்த்தை, கோடைப் பயிற்சி முகாம், வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு ஓசி டிக்கெட், ஒரு நாள் பள்ளியைச் சுற்றிக் காட்டும் அழைப்பு. பையன் ஒன்பதாம் வகுப்பில் முறைப்படி சேருகிறான். பெரும்பாலான மாநிலங்களில் அது டிரான்ஸ்ஃபர் ஆகாது, ஆடாமல் உட்கார்ந்து காத்திருக்க வேண்டிய காலமும் இல்லை. ஒன்பதாவதில் சேர்ந்த பிறகு மாறுகிறவனைத்தான் விதி துரத்துகிறது.

அழைப்பைப் பிடித்துத் தண்டிப்பதும் பெரிய பலன் தராது. டென்னசியில் பிரென்ட்வுட் அகாடமி என்ற பிரைவேட் பள்ளியின் கோச் 1997-ல் எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு ஒரு கடிதம் போட்டார்: வசந்தகாலப் பயிற்சிக்கு வாருங்கள், இப்படிக்கு ‘உங்கள் கோச்’. அந்தப் பையன்கள் ஏற்கெனவே அந்தப் பள்ளியில் சேர ஒப்பந்தம் போட்டவர்கள். மாநிலச் சங்கம் பள்ளிக்குக் கொடுத்த தண்டனை நாலு வருடக் கண்காணிப்பு, இரண்டு வருடம் ப்ளேஆஃப் கிடையாது, 3,000 டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு முறை போனது. 2001-ல் சங்கமும் அரசு அமைப்பு மாதிரிதான் என்று 5–4 தீர்ப்பு, 2007-ல் தண்டனை செல்லும் என்று தீர்ப்பு. ஒரு கடிதத்துக்குப் பத்து வருடம். இப்போது கடிதம் யார் எழுதுகிறார்கள்? போனில் ஒரு எமோஜி போதும்.

அதே டென்னசி அதே 1997-ல் செய்த இன்னொரு காரியம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆட்டக்காரர்களுக்குக் கட்டண உதவி தரும் பள்ளிகளைத் தனிப் பிரிவாகப் பிரித்துவிட்டார்கள். பப்ளிக்கா பிரைவேட்டா என்பதைவிட, ஆடுகிறவனின் ஃபீஸை யார் கட்டுகிறார்கள் என்பதே கோடு. நியூ ஜெர்சி மாதிரி எல்லா பிரைவேட்டையும் தனியாகப் பிரித்துப் போட்டால் பட்டம் பெர்கன் கத்தோலிக், டான் பாஸ்கோ ப்ரெப் போன்ற சில பெரிய பள்ளிகளைத்தான் சுற்றும். சின்ன பள்ளி அங்கேயும் உதைதான் வாங்கும். பென்சில்வேனியாவோ 1972 சட்டத்தைக் காட்டி, தனி ப்ளேஆஃப் எங்கள் கையில் இல்லை என்கிறது. ஆனால் உதவித்தொகைக் கணக்கைக் கேட்க எந்தச் சட்டம் தடுக்கிறது?

விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது என்று மாநிலத்துக்கு மாநிலம் விதி இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. ஓட்டை எங்கே என்றால், இந்தக் கணக்கு பள்ளி தன் நிதியிலிருந்து தரும் உதவியோடு நின்றுவிடும். பழைய மாணவர் ஒருவர் நேரே கட்டிவிட்டால் அது எங்கும் பதிவாகாமலே போகலாம். ஆகவே பெற்றோர் அல்லாத யார் பணம் கட்டினாலும் பள்ளிக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். ஆகஸ்டில் முதல் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பள்ளியும் பெயர் போடாமல் மூன்று எண் மட்டும் வெளியிடட்டும்: அணியில் எத்தனை பேர், அதில் எட்டாவது வரை வேறு மாவட்டத்தில் படித்தவர்கள் எத்தனை, கட்டண உதவி பெறுபவர்கள் எத்தனை. பள்ளி முழுக்க உதவி வாங்குபவர்களின் விகிதத்தைப் பக்கத்திலேயே போட வேண்டும். பள்ளியில் நான்கில் ஒருவர், அணியில் நான்கில் மூன்று பேர் என்று வந்தால் அந்த வருடமே உதவி தரும் பள்ளிகளின் பிரிவுக்குப் போகட்டும்.

ஏழைப் பையனுக்கு நல்ல படிப்பு கிடைப்பதைக் கெடுக்காதே என்பார்கள். யார் கெடுக்கிறது? உதவியை இரண்டு மடங்கு கொடுங்கள். பந்து தொடத் தெரியாத ஏழைப் பையனுக்கும் அதே அளவு கொடுத்தால் விகிதம் தானாகச் சமமாகிவிடும், பிரிவும் மாற வேண்டியதில்லை.