பிரிட்டனின் பெயர் தாங்கிய பட்டம் ஆர்லாண்டோவில் முடிந்த கதை

2022 செப்டம்பர் 3 அன்று வேல்ஸின் கார்டிஃப் நகரில், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் முன்னிலையில் டபிள்யூடபிள்யூஇ என்னும் அமெரிக்க மல்யுத்த நிறுவனம் பெரும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தியது. 1992-இல் லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் நடந்த சம்மர்ஸ்லாம் என்னும் அதன் பெரு நிகழ்ச்சிக்குப் பிறகு, முப்பது ஆண்டுகள் கழித்து, பிரிட்டனின் ஒரு பெரிய விளையாட்டரங்கை அந்நிறுவனம் நிறைத்த இரவு அது. மறுநாள், செப்டம்பர் 4 அன்று, அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள தன் பயிற்சி மையத்தில் அதே நிறுவனம் யுனைடெட் கிங்டம் சாம்பியன்ஷிப் பட்டத்தை ஒரே ஆட்டத்தில் முடித்துவைத்தது. டைலர் பேட் என்னும் ஆங்கிலேய வீரர் பிரான் பிரேக்கர் என்னும் அமெரிக்க வீரரிடம் தோற்றார். அந்நிறுவனத்தின் என்எக்ஸ்டி என்னும் இளைய பிரிவில் பிரேக்கர் வைத்திருந்த பட்டமும் இதுவும் ஒன்றாக்கப்பட்டன. பிரிட்டனின் பெயரில் இருந்த பட்டம் ஓய்வு பெற்றது. ஐந்தரை ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்த இந்தப் பட்டத்தின் வரலாற்றை எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். அந்தப் பட்டத்துக்காக ஆடியவர்கள் அதற்கு உண்மையான மதிப்பைத் தேடித் தந்தார்கள் என்பதும், அதைப் படைத்தவர்கள் ஒரு நாளும் அதைப் பிரிட்டனுக்குச் சொந்தமானதாக நடத்தவில்லை என்பதும் என் உறுதியான கருத்து.

பிரிட்டனுக்கு மல்யுத்தம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு அல்ல. லங்காஷயரின் சுரங்கத் தொழிலாளர்களிடையே வளர்ந்த, பிடிகளால் எதிராளியைப் பணியவைக்கும் கேட்ச் மல்யுத்தம் விகன் நகரில் பில்லி ரைலியின் பயிற்சிக்கூடத்தில் ஒரு கடுமையான கலையாகக் கற்பிக்கப்பட்டது. 1930-களில் காட்சி மல்யுத்தம் கட்டுமீறிப் போய், லண்டன் நிர்வாகம் அதற்குத் தடை விதிக்கும் நிலை வந்த பிறகு, 1940-களின் பிற்பகுதியில் அட்மிரல் மவுண்ட்எவன்ஸ் பிரபுவின் பெயரால் அமைந்த குழு ஒழுங்கான விதிகளை வகுத்தது. எடைப் பிரிவுகள், ஐந்து நிமிடச் சுற்றுகள், மூன்றில் இரண்டு வீழ்த்தல்களை முதலில் பெற்றவருக்கு வெற்றி, மூன்றாவது பொது எச்சரிக்கையில் தகுதி நீக்கம் என்று அந்த விதிகள் அமைந்தன. ஒவ்வோர் எடைப் பிரிவுக்கும் ஒரு பிரிட்டிஷ் சாம்பியன் இருந்தார். 1955 முதல் 1988 வரை ஐடிவி தொலைக்காட்சியில் மல்யுத்தம் ஒளிபரப்பாயிற்று. சனிக்கிழமை மாலை நான்கு மணி என்றால் தேநீரும் மல்யுத்தமும் என்பது அந்நாட்டின் தொழிலாளர் குடும்பங்களில் ஒரு வழக்கமாகவே இருந்தது.

அந்தப் பழைய காலத்தைப் பொற்காலமாகத் தூக்கிப் பிடிக்க நான் முனையவில்லை. 1952-இல் நிகழ்ச்சி அமைப்பாளர்கள் சிலர் ஜாயின்ட் பிரமோஷன்ஸ் என்ற பெயரில் கூட்டுச் சேர்ந்து தொழிலைத் தம் கைக்குள் கொண்டுவந்தார்கள். கூட்டுக்கு வெளியே நின்ற பெர்ட் அசிராட்டி போன்ற பெரும் வீரரின் உரிமையை ஒதுக்கிவிட்டுத் தமக்கென ஒரு ஹெவிவெயிட் சாம்பியனை வைத்துக்கொண்டார்கள். பட்டம் வீரருடைய சொத்தாக அப்போதும் இல்லை. ஆனாலும் அந்தத் தவறுகளைச் செய்தவர்களும் அவற்றால் பாதிக்கப்பட்டவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். பிரிட்டிஷ் பட்டத்தைப் பற்றிய வாக்குவாதம் பிரிட்டனில் நடந்தது. 2016-இல் பிறந்த பட்டத்துக்கு அதுவும் வாய்க்கவில்லை.

அது பிறந்த சூழலைக் கவனிக்க வேண்டும். 1988-க்குப் பிறகு தொலைக்காட்சியை இழந்த பிரிட்டிஷ் மல்யுத்தம் ஊர் மண்டபங்களிலும் விடுமுறை முகாம்களிலும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்து, 2010-களில் புதிய தலைமுறையின் உழைப்பால் மீண்டும் தழைத்தது. லண்டனில் புரோகிரஸ், கிளாஸ்கோவில் ஐசிடபிள்யூ போன்ற சிறு அமைப்புகள் அரங்குகளை நிறைத்தன. அந்த அலையைக் கண்ட ஐடிவி, தன் பழைய ‘வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட்’ மல்யுத்தத்தை 2016 டிசம்பர் 31 அன்று ஒரு சிறப்பு நிகழ்ச்சியாக ஒளிபரப்பி மீட்டெடுக்கப்போவதாக அறிவித்தது. அது ஒளிபரப்பாவதற்குச் சுமார் இரண்டு வாரங்களுக்கு முன், டிசம்பர் 15 அன்று, டபிள்யூடபிள்யூஇ நிர்வாகிகளில் ஒருவரான முன்னணி வீரர் டிரிபிள் ஹெச் லண்டனில் உள்ள ஓ2 அரங்குக்கு வந்து யுனைடெட் கிங்டம் சாம்பியன்ஷிப்பை அறிவித்தார். ஒரு நாட்டின் பட்டத்தை உருவாக்கும் எண்ணம் அந்த நாட்டுத் தொலைக்காட்சி விழித்துக்கொண்ட அதே மாதத்தில் தற்செயலாக உதித்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. போட்டியாளர் வந்து அமர்வதற்குள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் நோக்கமே அதில் தெரிந்தது.

நோக்கம் எதுவானாலும் தொடக்கம் அழகாக அமைந்தது என்பதை மறுக்க மாட்டேன். 2017 ஜனவரி 14, 15 ஆகிய இரு நாட்களில் பிளாக்பூல் நகரின் எம்பிரஸ் பால்ரூமில் பதினாறு வீரர்களின் போட்டித்தொடர் நடந்தது. வளைந்த கூரையும் தொங்கும் சரவிளக்குகளும் கொண்ட, 1896-இல் திறக்கப்பட்ட நடன மண்டபம் அது. அதே கடற்கரை நகரின் பொழுதுபோக்குப் பூங்காவில் இளைஞனாக மல்யுத்தம் தொடங்கிய ஆங்கிலேய வீரர் வில்லியம் ரீகல் இந்தத் தொடரின் முகமாக நின்றது பொருத்தமாக இருந்தது. பெல்ட்டின் நடுத்தகட்டில் அரசச் சின்னத்தைப் போலச் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் இருபுறம் நின்றன. இறுதியாட்டத்தில் பர்மிங்ஹாமின் பீட் டன்னை வீழ்த்தி, டட்லியைச் சேர்ந்த டைலர் பேட் முதல் சாம்பியனானார். அவருக்கு அப்போது வயது 19. முறுக்கிய மீசையும் பழைய காலத்துச் சர்க்கஸ் பலசாலியின் தோற்றமுமாக அந்தப் பையன் பெல்ட்டை உயர்த்திய காட்சியில் ஒரு மரபு தொடர்வதை நான் உண்மையாகவே உணர்ந்தேன்.

அடுத்த மே மாதம் 20-ஆம் தேதி பீட் டன் அவரை வென்றார். பெல்ட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு ரிங்குக்குள் வரும் டன் எதிராளியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வளைக்கும் அந்த முறை, விகன் பயிற்சிக்கூடத்தின் மூட்டுப்பிடிக் கலைக்கு இக்காலத்தில் கிடைத்த மிகச் சிறந்த வாரிசு என்பேன். அவரிடம் பட்டம் 685 நாட்கள் இருந்தது. 2019 ஏப்ரல் 5 அன்று ஆஸ்திரியாவின் வால்டர் அதைப் பறித்து 870 நாட்கள் வைத்திருந்தார். 2021 ஆகஸ்ட் 22 அன்று ரஷ்யாவில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த இல்யா டிராகுனோவ் வால்டரின் கழுத்தைப் பிடித்து நெரித்து அவரைச் சரணடையவைத்தார். காயத்தால் டிராகுனோவ் 2022-இல் பட்டத்தைத் துறக்க, அதற்கான போட்டித்தொடரின் இறுதியில் தன் பழைய கூட்டாளி டிரென்ட் செவனை வென்று டைலர் பேட் மறுபடியும் சாம்பியனானார். அவ்வளவுதான்: நான்கு வீரர்கள், ஐந்து ஆட்சிகள்.

பிரிட்டனின் பட்டத்தை ஆஸ்திரியரும் ரஷ்யரும் மொத்தக் காலத்தில் பாதிக்கு மேல் வைத்திருந்ததுதான் அவமானம் என்று வாதிடும் ரசிகர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. வால்டரின் ஆட்சியே அந்தப் பட்டத்தின் உச்சம். 2019 ஆகஸ்ட் 31 அன்று கார்டிஃபில் வால்டரும் பேட்டும் நாற்பது நிமிடங்களுக்கு மேல் மோதிய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தன்னைவிட ஒரு தலை உயரமான வால்டரைத் தோளில் சுமந்து பேட் சுழற்றியபோது அரங்கமே எழுந்து நின்றது. அந்த இரவில் அந்நியன் கையிலிருந்த பெல்ட்டை ஊர்ப் பிள்ளை மீட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொருவரும் துடித்தார்கள். அந்தத் துடிப்பை உண்டாக்கியதே வால்டர்தான். 2020 அக்டோபரில் பெருந்தொற்றுக் காலத்தில் பார்வையாளரே இல்லாத ஸ்டூடியோவில் வால்டரும் டிராகுனோவும் ஆடினார்கள். கைதட்டல் இல்லாத அந்த அமைதியில் நெஞ்சில் விழும் உள்ளங்கை அடியின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. டிராகுனோவின் மார்பு நிமிடத்துக்கு நிமிடம் சிவந்துகொண்டே போயிற்று. வெற்று அரங்கில் நடந்த ஆட்டங்களில் அதற்கு நிகராக இன்னொன்றை நான் கண்டதில்லை. ஒரு பட்டத்துக்கு மதிப்பு இப்படித்தான் சேர்கிறது. சாம்பியனின் கடவுச்சீட்டால் அல்ல.

என் குறை வேறு. பட்டம் கைமாறிய இடங்களை வரிசையாகப் பாருங்கள். பேட் டன்னிடம் தோற்றது சிகாகோ பகுதியில். டன் வால்டரிடம் தோற்றது நியூயார்க்கின் புரூக்ளினில். வால்டர் டிராகுனோவிடம் தோற்றது ஆர்லாண்டோவில். பட்டமே ஒழிந்துபோனதும் ஆர்லாண்டோவில். பிரிட்டனில் இருமுறைதான் புதிய சாம்பியன் முடிசூடினார், பிளாக்பூலில் ஒருமுறை, லண்டன் ஸ்டூடியோவில் ஒருமுறை. அந்த இரண்டு முறையும் பட்டம் யாரிடமும் இல்லாமல் காலியாக இருந்தது. அதாவது, யுனைடெட் கிங்டம் சாம்பியன் ஒருவர் தன் பட்டத்தைப் பிரிட்டிஷ் மண்ணில் ஆடித் தோற்றதே இல்லை. ராயல் ஆல்பர்ட் ஹாலில் 2018-இல் கூடிய கூட்டத்துக்கோ, பிளாக்பூலிலும் கார்டிஃபிலும் சீட்டு வாங்கிக் காத்திருந்தவர்களுக்கோ, பெல்ட் கைமாறும் அந்த ஒரு கணத்தைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.

முடிவு முன்பே தீர்மானிக்கப்படும் ஆட்டத்தில் இதற்கெல்லாம் என்ன பொருள் என்று சிலர் கேட்பார்கள். முன்பே தீர்மானிக்கப்படுவதால்தான் பொருள் இருக்கிறது என்பது என் பதில். குத்துச்சண்டையில் ஒருவர் அயல்நாட்டில் பட்டத்தை இழந்தால் அது அன்றைய ஆட்டத்தின் போக்கு. இங்கே எந்த ஊரில், எந்த நாளில், யார் முன்னிலையில் என்று ஒவ்வொன்றையும் ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார். மூன்று முறையும் அமெரிக்க அரங்கையே தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அந்தப் பட்டம் யாருடைய கண்ணுக்காக வைக்கப்பட்டிருந்தது என்பது வெளிப்படை.

நேர்மையாகச் சொல்வதானால், பிரிட்டிஷ் மல்யுத்தத்தின் சரிவுக்கு அமெரிக்க நிறுவனத்தை மட்டும் பொறுப்பாக்க முடியாது. 2020 ஜூனில் தங்களுக்கு நேர்ந்த துன்புறுத்தல்களைப் பெண்கள் பலர் துணிந்து வெளியே சொன்னபோது, சிறு அமைப்புகள் எந்த அளவுக்குப் பாதுகாப்பற்ற இடங்களாக இருந்தன என்பது அம்பலமாயிற்று. அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களின் குழு ஒன்று ஆராய்ந்து 2021-இல் அறிக்கை தந்தது. அந்த அழுகல் உள்ளூரில் விளைந்தது; அதற்கான பொறுப்பும் உள்ளூரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த நெருக்கடியிலிருந்து மீள்வதற்கு வேண்டிய திறமைசாலிகளில் பெரும்பாலோர் அதற்குள் ஒரே நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தார்கள். 2022 ஆகஸ்டில் அந்நிறுவனம், பிரிட்டனில் நடத்திவந்த, இந்தப் பட்டத்தின் களமான என்எக்ஸ்டி யூகே நிகழ்ச்சியை நிறுத்தி வீரர்கள் பலரை விடுவித்தபோது, திரும்பிச் செல்வதற்குப் பழைய அரங்குகள் பழைய பலத்தோடு இல்லை. அதற்குப் பதிலாக 2023-இல் ஐரோப்பா முழுமைக்குமான ஒரு நிகழ்ச்சி வரும் என்றார்கள். 2023 கடந்து போயிற்று. அந்த நிகழ்ச்சி வரவில்லை.

இன்னொரு பிரிட்டிஷ் பட்டம் எப்போதாவது உருவாக்கப்படலாம். அப்போது அதன் பெல்ட்டில் எந்தச் சின்னம் இருக்கிறது, சாம்பியன் எந்த நாட்டவர் என்பதை நான் பார்க்க மாட்டேன். முதல் சாம்பியனின் முதல் தோல்வி எந்த ஊரில் நடக்கிறது என்பதைப் பார்ப்பேன். அது மான்செஸ்டராகவோ கிளாஸ்கோவாகவோ வுல்வர்ஹாம்ப்டனின் ஒரு சிறிய மண்டபமாகவோ இருந்தால், அந்தப் பட்டத்தை முழு மனதோடு பிரிட்டிஷ் பட்டம் என்று எழுதுவேன்.