கிணறு இருந்த இடத்தில்தான் வீடு

போன வாரம் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். வந்திருந்த தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர் கேட்டார்: "வழியெல்லாம் பாத்துட்டு வர்றேன், ஒரு வீடு இங்க, இன்னொரு வீடு அரை மைலுக்கு அங்க. உங்க ஆளுங்களுக்கு ஒருத்தருக்கொருத்தர் ஆகவே ஆகாதா?" சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "உழைக்கிற சனமுங்க, தோட்டத்த உட்டு நகர மாட்டோம்" என்றார்.

எனக்கு ரெண்டுமே ஒப்பவில்லை. எல்லாம் பாறையும் தண்ணீரும் செய்த வேலை.

மேற்கு மலையின் மழை மறைவில் கிடக்கிற கொங்கு நாடு இது. வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிய விஷயம். பவானி ஆற்றிலிருந்து பிரியும் காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடுகிறது; அந்தக் கரையோரம் போய்ப் பாருங்கள், வீடுகள் நெருக்கியடித்து நிற்கும். தண்ணீர் தானாக வயலுக்கு வந்துவிடும், ஆள் ஊருக்குள் தூங்கலாம். மேட்டுக்காட்டில் அது நடக்காது.

எங்கள் பேச்சில் காடு என்றால் வனம் இல்லை, வானம் பார்த்த பூமி. தோட்டம் என்றால் கிணறு உள்ள பூமி. பாறையை உடைத்து அறுபது எழுபது அடி இறங்கித் தண்ணீர் கண்டால்தான் காடு தோட்டமாகும். கண்ட பிறகும் சும்மா இல்லை. இருட்டோடு எழுந்து கவலை (எருது கட்டித் தண்ணீர் இறைக்கும் ஏற்பாடு) பூட்டி, எருதுகளைச் சரிவில் இறக்கியும் பின்னுக்கு ஏற்றியும் சால் சாலாக இறைக்க வேண்டும். ஒருத்தர் கவலை ஓட்ட, இன்னொருத்தர் மடை திருப்ப. இதை ரெண்டு மைல் தள்ளி ஊருக்குள் படுத்துக்கொண்டு யார் செய்வது? எருது கிணற்றடியில், தீவனம் அதன் பக்கத்தில். அப்புறம் ஆளும் அங்கேயே சாளை, அதாவது குடிசை, போட்டுக்கொண்டார். வீம்பும் இல்லை, வீரமும் இல்லை.

சித்தப்பாவின் பெருமையில் இன்னொன்றும் விடுபட்டுப் போகிறது. கிணறு நிலக்காரருடையது. அப்பிச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்தில் பண்ணை வேலை பார்த்தவர்கள் அந்தக் கிணற்றில் கை வைக்க முடியாது. அமுச்சி (அம்மாவின் அம்மா) மேலிருந்து ஊற்றுவார், அவர்கள் கீழே குனிந்து இரு கையேந்திக் குடிப்பார்கள். அவர்கள் குடியிருப்பு ஏன் தண்ணீர் இல்லாத கல்லாங்காட்டில் இருந்தது என்று சின்ன வயதில் நான் கேட்டதே இல்லை. உழைப்பைப் பற்றிப் பேசினால் அவர்கள் உழைப்பையும் பேசணும்.

1932இல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்தது, கிணறுகளில் மோட்டார் ஏறியது. பிறகு ஆழ்குழாய். குழாயில் தண்ணீர் எங்கே வேண்டுமானாலும் போகும் என்றானதும் வீடுகள் மெல்லத் தார் ரோட்டோரம் வந்துவிட்டன. அப்பிச்சி சாளையும் பூட்டித்தான் கிடக்கிறது.

போன மாதம் பாகப்பத்திரம் எழுதினோம். "கிணற்றில் நாலில் ஒரு பாகம்" என்று வழக்கப்படி ஒரு வரி. கிணறு வற்றிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இது எதுக்குங்க மாமா என்றேன். அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.