இந்தோனேசிய மொழி 'எளிது' என்பதால் வென்றதா?

மொழிச் சண்டை எங்கே கிளம்பினாலும் யாராவது ஒருவர் இந்தோனேசியாவை இழுத்து வருகிறார். "பாருங்கள், நூற்றுக்கணக்கான மொழிகள் உள்ள நாடு, ஒரே நாளில் உட்கார்ந்து ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்தார்கள், மலாய் எளிது, எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்." இதில் நாடும் மொழிகளும் சரி. மற்றதெல்லாம் தவறு, அல்லது பாதி உண்மை.

முதலில் அந்த 'ஒரே நாள்'. 1928 அக்டோபர் 28, பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நடந்த இரண்டாம் இளைஞர் மாநாட்டின் உறுதிமொழி. மூன்றே வரிகள். ஒரே தாய்மண் உடையவர்கள் என்று ஒப்புகிறோம். ஒரே தேசத்தார் என்று ஒப்புகிறோம். ஒற்றுமை மொழியான இந்தோனேசிய மொழியைத் தலைமேல் வைத்துப் போற்றுகிறோம். முதல் இரண்டு வரியிலும் 'ஒரே' இருக்கிறது, மூன்றாவதில் இல்லை. 'ஒப்புகிறோம்' என்ற வினைகூட மூன்றாவதில் மாறிவிடுகிறது. எங்களுக்கு ஒரே மொழிதான் என்று அந்த இளைஞர்கள் சொல்லவே இல்லை. பின்னாளில் மேடையிலும் பள்ளிக்கூடத்திலும் இதைச் சுருக்கி 'ஒரே தாய்நாடு, ஒரே தேசம், ஒரே மொழி' ஆக்கிவிட்டார்கள். இந்தச் சுருக்கம் மூலத்தின் பொருளையே மாற்றிவிட்டது என்பதுதான் என் வாதம்.

பெயரும் அன்றைக்குத் திடீரென்று முளைத்ததல்ல. 1926இல் நடந்த முதல் மாநாட்டிலேயே இளைஞர் தலைவர் முகமது யமின் வரைவில் 'மலாய் மொழி' என்று எழுதிவைக்க, இன்னொரு தலைவர் முகமது தப்ரானி அதை மறுத்து, அதே மலாய்க்குப் பிறக்கப்போகும் தேசத்தின் பெயரான 'இந்தோனேசியா'வே இருக்கட்டும் என்றார். இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பெயரே நின்றது.

ஏன் ஜாவானிய மொழி இல்லை? 1930 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் ஏறத்தாழ 47% ஜாவானியர். மலாயைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அவர்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய கூட்டம். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் ஜாவானியம் போட்டியின்றி வந்திருக்க வேண்டும். இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, சுந்தானியர், மினாங்கபாவ், பத்தாக், பூகிஸ் மக்கள் எல்லாம் ஜாவானியர் ஆதிக்கம் என்று அஞ்சியிருப்பார்கள். இரண்டாவது மொழியின் உள்ளமைப்பு. ஜாவானியத்தில் யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துச் சொல்லே மாறும். வீட்டுக்கு, நெருங்கியவரிடம் 'ஓமா', மரியாதை நடையில் 'கிரியா', மதிப்புக்குரியவரின் வீடென்றால் 'தாலெம்'. சோற்றுக்கு 'செகோ', 'செகுல்'. நம் நீ, நீங்கள் மாதிரி விகுதியோடு நிற்கிற மரியாதை இல்லை இது. பெயர்ச்சொல், வினைச்சொல் என்று அன்றாடச் சொற்கள் பலவும் இரண்டு மூன்று அடுக்கு. சமத்துவம் பேச வந்த இளைஞர்களுக்கு இந்த ஏணியைத் தேசிய மொழியாக்க மனம் வரவில்லை. அந்த முடிவைப் பெரும்பான்மை ஜாவானியரே ஏற்றார்கள் என்பதை மனதார மதிக்கிறேன். பெரும்பான்மையின் மொழியைத் தேசிய மொழி ஆக்கிய நாடுகள் பல. விட்டுக்கொடுத்த பெரும்பான்மை அபூர்வம்.

மலாய் அதற்குள் எப்படித் தயாராக இருந்தது? துறைமுகங்களில் பல நூற்றாண்டாக வணிகப் பொதுமொழி அதுதான். அன்று நாட்டை ஆண்ட டச்சுக்காரர்கள் தங்கள் மொழியைப் பரவலாகக் கற்பிக்கவில்லை. அரசு அலுவலக வேலையை மலாயிலேயே ஓட்டினார்கள். 1901இல் டச்சு மொழியறிஞர் வான் ஒபைசன் பள்ளிகளுக்காக ரோமன் எழுத்துமுறையை வகுத்தார். சிங்கப்பூரைச் சுற்றியுள்ள ரியாவ், ஜோகூர் பக்கத்து இலக்கிய மலாய்தான் 'திருத்தமானது' என்று நிலைத்தது. 1917இல் அரசுப் பதிப்பகம் பாலாய் புஸ்தகா வந்தது. அதன் ஆசிரியர்களில் மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ்காரர்கள் அதிகம், அவர்கள் கை பட்ட நடையே அச்சில் நின்றது. சீன வம்சாவளியினர் சந்தை மலாயில் நாளிதழும் நாவலுமாக அச்சடித்துக் குவித்தார்கள். பாடநூல் அதைக் 'கீழ் மலாய்' என்று ஒதுக்கியது. செந்தர மொழி பிறக்கும்போது முதலில் கழிபடுவது இப்படி மக்கள் அன்றாடம் வாசித்ததுதான்.

1942 மார்ச்சில் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்ததும் டச்சு மொழிக்குத் தடை. ஜப்பானிய மொழியை ஒரே இரவில் கற்பிக்க முடியாது. சட்டம், மருத்துவம், பள்ளி, அலுவலகக் கடிதம் அத்தனையும் இந்தோனேசியத்துக்கு மாறியாக வேண்டிய கட்டாயம். அந்த அக்டோபரில் மொழி ஆணையம் அமைந்து ஆயிரக்கணக்கில் கலைச்சொல் ஆக்கியது. 1945 அரசமைப்பின் 36ஆம் பிரிவு அரசு மொழி என்று அறிவித்தபோது, மொழி ஏற்கெனவே வேலையில் சேர்ந்துவிட்டிருந்தது.

எழுத்து மூன்று முறை சட்டை மாற்றியது. பேரப்பிள்ளைக்கு 'சுச்சு' என்பார்கள். 1901 முறையில் அதை எழுத எட்டு ரோமன் எழுத்து. 1947இல் 'உ' ஒலிக்கு இருந்த இரட்டை எழுத்து ஒற்றையானது: ஆறு. 1972 ஆகஸ்டில் மலேசியாவோடு ஒத்துப்போகும் சீர்திருத்தம் 'ச' ஒலியையும் ஒற்றையாக்கியது: நான்கு. பழைய இதழ்களில் தேடுகிறவர்கள் மூன்று வடிவத்தையும் போட்டுத் தேட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் பாதி நூற்றாண்டு கண்ணில் படாது. இன்னொரு பொறி: 1972க்கு முன் 'ஜே' என்ற ஒற்றை எழுத்து 'ய' ஒலிக்கானது. இன்றைய பழக்கத்தில் 'ஜ' என்று படித்தால் சொல்லே வேறாகிவிடும். ஆட்களின் பெயர்களில் பழைய எழுத்து அப்படியே தங்கியிருக்கிறது. முன்னாள் அதிபர் சுகார்த்தோவின் பெயர், பழைய இரட்டை எழுத்து 'உ'வோடும் புதிய ஒற்றை எழுத்தோடும், இரண்டு விதமாக அச்சாவது அதனால்தான்.

இனி 'எளிது' என்ற பேச்சு. காலம் காட்டும் விகுதி இல்லை, பால் இல்லை, உண்மைதான். ஆனால் முன்னொட்டைப் பாருங்கள். 'துலிஸ்' (எழுது) 'மெனுலிஸ்' ஆகும். 'பக்காய்' (பயன்படுத்து) 'மெமக்காய்' ஆகும். 'சாப்பு' (பெருக்கு) 'மெஞாப்பு' ஆகும். வேரின் முதல் மெய் மறைந்து, இனமான மெல்லெழுத்து வந்து உட்கார்ந்துவிடுகிறது. புதிதாகப் படிப்பவர் 'மெமக்காய்' என்பதை அகராதியில் 'ம' வரிசையில் தேடித் தோற்றுப்போவார். ஆனால் டச்சு வழி வந்த 'புரோசெஸ்' என்ற சொல்லில் மெய் மறையாது, 'மெம்புரோசெஸ்' என்றே நிற்கும். இதை எளிது என்று சொல்கிறவர்கள் சந்தைப் பேச்சோடு நின்றவர்கள்.

சொல் வரலாற்றில் நம் பங்கு உண்டு, ஆனால் அளவாகச் சொல்லுவோம். கப்பல் 'கபால்', பெட்டி 'பெத்தி', முதல் 'மோடல்' (மூலதனம்), சுருட்டு 'செருத்து', திரை 'தீராய்'. வணிகமும் கடலும் கலந்த சொற்கள். சுமத்ராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைப் பேசுகிறது. தொடர்புக்குச் சான்று கல்லிலேயே இருக்கிறது. அதற்காக ஒலி ஒத்த எல்லாவற்றையும் தமிழ் என்று பட்டியல் போடாதீர்கள். உறுதிமொழியில் வரும் 'பஹாசா' (மொழி), 'பங்சா' (தேசம்) இரண்டும் சமஸ்கிருதம். 'ஜென்டேலா'வும் நம் ஜன்னலும், 'மேஜா'வும் நம் மேசையும் போர்த்துகீசியம் இருவருக்கும் கொடுத்தவை.

புதுச் சொல் ஆக்க அவர்கள் வைத்திருக்கும் வரிசைமுறை எனக்கு மிகவும் பிடிக்கும்: முதலில் இந்தோனேசியத்திலேயே தேடு, பழஞ்சொல்லையும் சேர்த்து, கிடைக்காவிட்டால் நாட்டின் மற்ற மொழிகளில், அதன் பிறகே வெளிமொழி. பதிவிறக்கத்துக்கு 'உன்டூ', ஜாவானியத்தில் மரத்திலிருந்து பழம் பறிப்பது. பதிவேற்றத்துக்கு 'உங்கா', ஏறுவது. வலிக்குச் சுந்தானிய 'ஞெரி'. சதுப்பு நிலத்தில் தாவரம் மக்கி உண்டாகும் கரிமண்ணுக்கு, போர்னியோவின் பஞ்சார் மொழியிலிருந்து 'கம்புத்'. இவை ஓடின. செயல்திறனுக்கும் பயன்திறனுக்கும் 'சங்கில்', 'மங்குஸ்' என்று கொண்டுவந்தவை அகராதியிலேயே தங்கிவிட்டன. 'எஃபிசியென்', 'எஃபெக்திஃப்' ஏற்கெனவே எல்லார் வாயிலும் ஊறியிருந்தன. கலைச்சொல் தாமதமாக வந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் தோற்கும்.

விலையைப் பேசாமல் புகழ்வது நேர்மையல்ல. 2010 கணக்கெடுப்பிலும் வீட்டில் இந்தோனேசியம் பேசுவோர் ஏறத்தாழ 20% மட்டுமே. அந்த விகிதம் கூடும்போது, 700க்கு மேற்பட்ட மொழிகளில் சிறியவை முதலில் கரைகின்றன. அரசமைப்பு வட்டார மொழிகளைக் காப்போம் என்கிறது. பாடவேளையும் ஆசிரியரும் இல்லாமல் அந்த வரி எந்தக் குழந்தையையும் பேசவைக்காது.

இதில் யாரும் கவனிக்காத அநியாயம் கிழக்கே நடக்கிறது. அம்போன், மனாடோ, குப்பாங் ஊர்களின் மலாய், இந்தோனேசியம் என்ற பெயர் பிறக்குமுன்பே அங்கே வேரூன்றியது. அதைப் பேசும் பிள்ளையிடம் 'உன்னுடையது கொச்சை இந்தோனேசியம்' என்கிறார்கள். செந்தர மொழியில் 'கித்தா' என்றால் நாம், 'காமி' என்றால் நாங்கள்; தமிழர்க்கு இந்த வேறுபாடு சொல்லாமலே புரியும். மனாடோவில் 'கித்தா' என்றால் நான். அந்தப் பிள்ளை கட்டுரையில் 'கித்தா' என்று எழுதினால் ஆசிரியர் சிவப்புக் கோடு போடுவதோடு நிற்கக் கூடாது. மனாடோ வாக்கியத்தை ஒரு பக்கமும் செந்தர வாக்கியத்தை மறுபக்கமும் எழுதவைத்து, இரண்டுக்கும் தனித்தனி இலக்கணம் இருப்பதைக் காட்ட வேண்டும். பாடநூலில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கினால் போதும், தனிப் பாடவேளைகூடத் தேவையில்லை.